பாலும் சிறுகோலும்: இரு சங்கப் பாடல்களில் தாயின் பெருமிதமும் ஏக்கமும்

1

மக்கள் வளர்ந்து மேம்படுதல் கண்டு மகிழ்வதும், அவ்வளர்ச்சியாலேயே அவர்கள் தம்மை விட்டு அகலுதல் கண்டு ஏங்குவதும் பெற்றோர்க்கு இயல்பு. இவ்விரண்டும் வெவ்வேறு உணர்ச்சிகள் என்றும், ஒன்று மேலோங்கும்போது மற்றொன்று அடங்கும் என்றும் நாம் பொதுவாகக் கருதுகின்றோம். சங்கப் பாடல்களைக் கற்பிக்குமிடத்தும் இக்கருத்தே பெரிதும் ஆளப்படுகின்றது. உடன்போக்கின்பின் தாய் பேசும் பாட்டு ஏக்கப் பாட்டு; மகளின் இல்லறம் கண்டு பேசும் பாட்டு மகிழ்ச்சிப் பாட்டு; மகனின் போர்த்திறம் கேட்டுப் பேசும் பாட்டு வீரப் பாட்டு. இவ்வாறு மூன்று பெட்டகங்களில் மூவகைப் பாடல்களையும் இட்டு வைத்துள்ளோம். இப்பகுப்பு நற்றிணை 110-ஆம் பாட்டிற்கும் புறநானூற்று 310-ஆம் பாட்டிற்கும் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதுகலை வகுப்பில் நற்றிணை நடத்தியபோது மாணவி ஒருவர் எழுப்பிய வினாவே இவ்வாராய்ச்சிக்கு வித்து. “மகள் வேளைதோறும் உண்ணாமல் இருக்கின்றாள். தாய் இதனை எங்ஙனம் பெருமையாகச் சொல்ல முடியும்?” என்று அவர் வினவினார். கற்பின் திண்மை, குடிப்பிறப்பின் மானம் என்று வழக்கமாகக் கூறும் விடையையே யானும் அன்று கூறினேன். மாணவி அமர்ந்தார். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. பாட்டை மீண்டும் மீண்டும் பயின்றபோது, வினா கூர்மையானது என்பதும், யான் கூறிய விடை பாட்டில் சரிபாதியை விட்டுவிட்டது என்பதும் விளங்கின.

2

நற்றிணை 110-ஆம் பாட்டைப் பாடியவர் போதனார். திணை பாலை. பதின்மூன்று அடிகளால் அமைந்த இப்பாட்டின் பொருளை முதற்கண் தொகுத்துக் காண்போம்.

தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஒரு கையால் ஏந்தி, நுனி மெல்லிதான ஒரு சிறு கோலை ஓங்கி, சிறுமியை உண்ணுமாறு அச்சுறுத்துகின்றனர் செவிலியர். அவளோ முத்துப் பரலிட்ட சிலம்பு ஒலிக்கத் துள்ளி ஓடுகின்றாள். நரை விரவிய கூந்தலையுடைய அம்முதியோர் பின்தொடர மாட்டாது தளர்கின்றனர். அவள் பந்தரின்கண் ஓடி நின்று அவர்தம் சொல்லைக் கேளாது விளையாடுகின்றாள். இத்தகைய விளையாட்டுப் பெண் இத்துணை அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கிருந்து பெற்றாள் என்பது வினா. ஏனெனில், கணவன் குடும்பம் வறுமையுற்ற இந்நாளில், தந்தை வீட்டு வளமான உணவை அவள் மனத்தாலும் நினைப்பதில்லை. ஓடும் நீரின்கீழ் நுண்மணல் வரிவரியாக இடைவிட்டுப் படிந்து கிடத்தல் போல, ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கின்றாள்.

பாட்டின் அமைப்பை நோக்குக. முதல் எட்டு அடிகள் குழந்தைப் பருவத்துக்கு உரியன. ஒன்பதாம் அடி வினா. இறுதி நான்கு அடிகளே மகளின் இன்றைய நிலையைக் கூறுகின்றன. இப்பாட்டு மகளின் கற்புச் சிறப்பை உணர்த்தவே எழுந்தது எனின், சிறப்புக்கு நான்கு அடிகளும் சிறுகுறும்பிற்கு எட்டு அடிகளும் புலவர் அளித்திருப்பது ஏன்? பேசுபவளின் நெஞ்சம் எங்கே தங்கியிருக்கின்றது என்பதை இவ்வடிக்கணக்கே ஒருவாறு காட்டுகின்றது.

சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. அன்று சிறுமி ஏவலை மறுத்தாள். இன்று மனைவி பொழுதை மறுத்து உண்கின்றாள். இரண்டிடத்தும் மறுத்தல் என்னும் ஒரே வினையைப் புலவர் ஆள்கின்றார். இது தற்செயலாக நேர்ந்ததன்று என்பது என் கருத்து. வளத்தின் நடுவே உணவை மறுத்தவள் இன்று வறுமையின் நடுவே உணவை மறுக்கின்றாள். அன்று மறுத்தது விளையாட்டால். இன்று மறுப்பது அறிவால். மகள் மாறிவிட்டாள். தாயின் நிலை மட்டும் மாறவில்லை. அன்றும் அவள் ஏந்திய பால் உண்ணப்படவில்லை. இன்றும் அவள் வீட்டுச் சோறு உண்ணப்படவில்லை. இரு காலத்தும் கலம் நிறைந்தபடியே மீள்கின்றது.

‘சிறு’ என்னும் அடை இப்பாட்டில் மூன்றிடத்து வருகின்றது. கோல் சிறிது, விளையாடும் பெண் சிறியள், வறுமையைத் தாங்கும் வலிமையும் சிறிது எனப்படுகின்றது. முதல் இரண்டும் குழந்தைமைக்குப் பொருந்துவன. கணவன் குடியின் வறுமையைத் தாங்கும் வலிமையைச் சிறிது என்பது எவ்வாறு பொருந்தும்? அளவையால் அது சிறிதன்று, பெரிது. ஆயினும் தாயின் நாவிலிருந்து அச்சொல் இன்னும் நீங்கவில்லை. மகள் எவ்வளவு வளர்ந்தாலும் தாய் அவளைக் குறிக்கும் சொல் வளர்வதில்லை.

காலங்காட்டும் முறையும் இதற்கு அரண் செய்கின்றது. சிறுமி மறுப்பதையும் மனைவி உண்பதையும் ‘செய்யும்’ என்னும் ஒரே வாய்பாட்டால் புலவர் கூறுகின்றார். கழிந்துபோன குழந்தைப் பருவத்தை முடிக்குமிடத்தும் இறந்தகால வினையை அவர் ஆளவில்லை. பந்தரின்கீழ் ஓடும் சிறுமியும், பசி தாங்கும் மனைவியும் தாயின் கண்முன் ஒரே வேளையில் நிற்கின்றனர்.

3

நற்றிணை 1915-ஆம் ஆண்டில் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையுடன் அச்சேறியது. பழைய உரை இல்லாத இந்நூற்குத் துறைக் குறிப்புகளே நமக்குக் கிடைக்கும் பழமையான விளக்கங்கள். அவற்றை எழுதியவர் யாவரேயாயினும், அவையே இப்பாடல்களின் முதல் திறனாய்வு எனக் கொள்ளுதல் தகும்.

நம் பாட்டிற்கு ஒன்றன்று, இரண்டு துறைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்று மனை மருட்சி. மற்றொன்று மகள் நிலை உரைத்தல். மனை மருட்சி என்பது மகளைப் பிரிந்த தாய் மனையின்கண் இருந்து மயங்கிக் கூறுவது. மகள் நிலை உரைத்தல் என்பது மகளின் இல்லறத்தைக் கண்டோர் அதன் சிறப்பை எடுத்துரைப்பது. முன்னதன்படி இது துயரப் பாட்டு. பின்னதன்படி பெருமைப் பாட்டு. பேசுவோரும் வேறாவர். முன்னதற்கு நற்றாய் உரியவள். பின்னதற்குச் சென்று கண்டு மீண்ட செவிலி பொருந்துவாள்.

இவ்விரண்டனுள் எது சரி என வழக்காடுதல் எளிது. செவிலியரைப் பன்மையிலும் படர்க்கையிலும் வைத்துக் கூறுவதால் பேசுவோள் நற்றாயே எனலாம். கணவன் வீட்டு நிலையை நேரிற் கண்டாற்போலக் கூறுவதால் செவிலியே எனவும் கூறலாம். யான் கருதுவது வேறு. துறை வகுத்தவர் தடுமாறியது அவர் குறையன்று. பாட்டின் உண்மையை அவர் நேர்மையாகப் பதிவு செய்துள்ளார். துயரம் என்னும் ஒரு பெயரால் அழைத்தபின்னும் பாட்டில் ஏதோ எஞ்சியது. அந்த எச்சத்திற்கு அவர் இட்ட பெயரே இரண்டாம் துறை.

புறத்துறையில் இத்தடுமாற்றம் இல்லை. மகன் களத்தில் காட்டிய ஆண்மை கண்டு மகிழ்ந்தும் அழுதும் நிற்கும் தாயின் நிலைக்கு உவகைக் கலுழ்ச்சி என்னும் துறைப் பெயர் உண்டு. உவகையையும் கண்ணீரையும் ஒரே தொடரில் பிணைத்த பெயர் அது. அகத்தில் மகளைப் பெற்ற தாய்க்கு அத்தகைய கூட்டுப் பெயர் வாய்க்கவில்லை. ஆகலின் துறை வகுத்தவர் இரு பெயர்களை அடுத்தடுத்து எழுதி அக்குறையை நிறைத்தார் என்க.

4

இனி மெய்ப்பாட்டு இயல்பால் இப்பாட்டை நோக்குதும். மகளின் மேன்மை கண்டு தாய் கொள்ளும் உணர்ச்சியைப் பெருமிதம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். இக்கட்டுரைத் தலைப்பிலும் அவ்வழக்கையே பின்பற்றியுள்ளேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின்படி அச்சொல் ஈண்டுப் பொருந்துமா? பெருமிதம் பிறத்தற்கு ஆசிரியர் கூறும் நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கே. இவை நான்கும் ஒருவர் தம்மிடத்தே பெற்றிருக்கும் பேறுகள். பிறர் செயலால் தமக்கு வருவன அல்ல. மகள் அடைந்த அறிவு மகளுக்குப் பெருமிதம் ஆகலாம், தாய்க்கு ஆகாது.

அழுகை என்னும் மெய்ப்பாடும் முழுதும் பொருந்தவில்லை. அதன் நிலைக்களன்களுள் இழப்பும் வறுமையும் உள்ளன. பிரிவை இழப்பு என்று கொள்ளலாம். வறுமையும் பாட்டில் உண்டு. எனினும் தாய் அழுததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

எஞ்சுவது மருட்கை. புதியது, பெரியது, சிறியது, ஒன்று வேறொன்றாக ஆயது ஆகிய நான்கையும் காணும்போது பிறக்கும் வியப்பு அது. இந்நான்கும் நம் பாட்டில் உள்ளன. மகளின் ஒழுக்கம் தாய்க்குப் புதிது, அவ்வொழுக்கம் பெரிது, அதனை உடையவள் சிறியள், விளையாட்டுப் பெண் குடும்பம் காக்கும் மனைவியாக ஆகிவிட்டாள். துறைப் பெயரிலுள்ள மருட்சியும் மெய்ப்பாட்டுப் பெயராகிய மருட்கையும் ஒரே அடிப்பிறந்தவை. மயக்கம், வியப்பு என்னும் இரு பொருளும் அவ்வடியில் உறங்குகின்றன. தாய் மயங்குவதும் வியப்பதும் ஒரே செயல் என்பதைத் தமிழ்ச்சொல்லே நமக்கு அறிவிக்கின்றது.

ஒன்பதாம் அடியின் வினாவை இந்நோக்கில் மீண்டும் படித்தல் வேண்டும். இவ்வறிவை எங்கே உணர்ந்தாள் என்னும் வினா வெறும் பாராட்டன்று. தாய் வீட்டில் உணர்ந்திருந்தால் வினாவிற்கே இடமில்லை. பொற்கலமும் செவிலியர் பலரும் உள்ள வளமனையில் பசியைப் பொறுக்கக் கற்பித்தவர் எவருமில்லை. கற்பிக்க வேண்டிய தேவையும் அங்கு இல்லை. ஆகவே மகளின் தலைசிறந்த பண்பு தாயிடமிருந்து வந்ததன்று. தாய் இதனை அறிவாள், அறிந்தே வியக்கின்றாள். பிரிவினும் நுண்ணிய நோவு இது. மகள் தன்னை விட்டுப் போனது ஒன்று. தான் கற்பியாத ஒன்றால் அவள் உயர்ந்தது மற்றொன்று. தாயின் மகிழ்ச்சிக்கும் வருத்தத்திற்கும் காரணம் இப்பின்னதேயாம்.

5

இதே பாலும் இதே சிறுகோலும் புறநானூற்று 310-ஆம் பாட்டிலும் வருகின்றன. பாடியவர் பொன்முடியார். திணை தும்பை, துறை நூழிலாட்டு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் வெளியிட்ட புறநானூற்றுக்குப் பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்கே கிடைத்துள்ளது. ஆதலின் இப்பாட்டிற்கும் துறைக் குறிப்பையன்றி வேறு பழைய துணை இல்லை.

இப்பாட்டிற் கூறப்படுபவன் சிறுவனாக இருந்தபோது பால் உண்ண மறுத்தான். சினமின்றி ஓங்கிய சிறு கோலைக் கண்டே அஞ்சி வருந்தினான். இனி அவனைக் காண்க. யானையைக் கொன்றும் அவன் அமையவில்லை. முன்னே களத்தில் வீழ்ந்த வலியோனின் மகன் அவன். உடலில் அம்பு தைத்த புண்ணைச் சுட்டிக் காட்டினால், அதனை யான் அறியேன் என்கின்றான். குதிரையின் பிடரிமயிர் போன்ற குடுமியும், முற்ற வளராத சிறு தாடியும் உடையவனாய்க் கேடகத்தின்மேல் கிடக்கின்றான்.

முற்றாத தாடி ஒன்றே அவனது வயதை உணர்த்திவிடுகின்றது. குழந்தைமை நீங்கி ஆடவனாகும் எல்லையில் நிற்பவன் அவன். துறை வகுத்தவர் போர்ச்செயலை நோக்கி நூழிலாட்டு என்றார். புலவரோ பாட்டைப் போர்க்களத்தில் தொடங்கவில்லை. பாலூட்டும் முற்றத்தில் தொடங்குகின்றார்.

பேசுபவர் தாய் என்று பாட்டு வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும் ஒரு குறிப்பு உண்டு. கோல் சினமின்றி ஓங்கப்பட்டது என்கின்றது பாட்டு. ஓங்கிய கோலைக் காண்பவர் பலர் இருக்கலாம். ஓங்கிய கையின் உள்ளத்தில் சினம் இல்லை என்பதை அக்கைக்கு உரியவளே அறிவாள். அன்று அச்சிறுவன் அதனை அறியவில்லை, அதனாலேயே அஞ்சினான். ஆகலின் இது தாய் அல்லது தாய்போல் வளர்த்தவள் கூற்று எனக் கொள்ளுதல் சாலும்.

இரு பாடல்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். மகள் கோலுக்கு அஞ்சாது ஓடினாள். மகன் கோலுக்கு அஞ்சி வருந்தினான். அடங்காத மகள் இன்று தன்னைத் தானே அடக்கிக்கொள்கின்றாள். அஞ்சிய மகன் இன்று அம்பையும் பொருட்படுத்தவில்லை. இருவரும் தம் குழந்தை இயல்புக்கு நேர்மாறாக வளர்ந்துள்ளனர். அவ்வளர்ச்சியின் அளவைக் காட்டப் புலவர் இருவர்க்கும் கிடைத்த அளவுகோல் தாயின் கையிலிருந்த சிறுகோலேயாம். பழைய நினைவு இல்லையேல் இன்றைய பெருமையை அளக்க வழியில்லை. நினைவோ ஏக்கத்தை உடன்கொண்டே வரும். ஆகவே ஏக்கம் பெருமையோடு பின்னர்ச் சேர்ந்த கலப்பன்று. பெருமையை அளக்கும் கருவியே அதுவாகும்.

அகத்திற்கும் புறத்திற்கும் ஈண்டு ஒரு வேறுபாடும் உண்டு. புறப்பாட்டில் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே ‘இனி’ என்னும் பொருளுடைய சொல் நின்று இரு காலத்தையும் வெட்டிப் பிரிக்கின்றது. அகப்பாட்டில் அத்தகைய சொல் இல்லை. அதன் இடத்தில் விடையில்லாத வினா நிற்கின்றது. மகனை ஆடவனாக்கிய நிகழ்ச்சி போர். அதற்கு நாள் குறிக்கலாம். மகளை மாற்றியது எது, எந்நாளில் என்பது தாய்க்குத் தெரியாது.

இதே பொன்முடியார் பாடிய 312-ஆம் பாட்டு, மகனை உருவாக்குவதில் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையை வகுக்கின்றது. ஈன்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்கல் தந்தைக்கும், வேல் வடித்தல் கொல்லனுக்கும், அடுத்த பொறுப்பு வேந்தனுக்கும், களிறு வென்று மீளுதல் மகனுக்கும் உரியன. தாயின் கடன் முதலில் வருகின்றது. முதலில் முடிந்தும் விடுகின்றது. அதன்பின் மகன் பிறர் கைகளால் ஆக்கப்படுகின்றான். 312-ஆம் பாட்டு நாடறியக் கூறும் அறம். 310-ஆம் பாட்டு அவ்வறத்தின்படி தன் கடனை முடித்தவளின் நெஞ்சம். ஒரே புலவர் இரண்டையும் பாடினார் என்பது மறக்கத்தக்கதன்று.

பாலைப் பற்றிய குறிப்பு 295-ஆம் பாட்டில் நிறைவு பெறுகின்றது. ஔவையார் பாடிய அப்பாட்டு உவகைக் கலுழ்ச்சித் துறையது. களத்தில் சிதைந்து கிடந்த மகனின் சிறப்பைக் கண்ட முதிய தாய்க்கு வற்றிய மார்பில் மீண்டும் பால் சுரந்தது என்கின்றார் ஔவையார். பால் இருந்த காலத்தில் மகன் உண்ண மறுத்தான். உண்ண மகன் இல்லாத காலத்தில் பால் சுரக்கின்றது. நற்றிணைத் தாயின் நிறைந்த கலமும் இம்முதியவளின் சுரந்த பாலும் வெவ்வேறு திணைக்கு உரியனவாயினும் ஒரே பொருளைப் பேசுவன.

6

குழந்தைக்கும் மனைவிக்கும் இடைப்பட்ட பருவத்தை நற்றிணைப் பாட்டு விட்டுவிட்டது. அதனை அகநானூற்று 7-ஆம் பாட்டில் கயமனார் நமக்குத் தருகின்றார். மகளின் உடல் வளர்ச்சியை ஒவ்வொன்றாகச் சுட்டி, இனித் தோழியரோடு எங்கும் திரியாதே, வாயிலைக் கடவாதே என்று அறிவுறுத்திய தாயின் சொற்கள் அப்பாட்டில் உள்ளன. நீ பேதையல்லை, அறிவுடையாய், பெதும்பைப் பருவத்தை அடைந்தாய் என்பதும் அவ்வறிவுரையின் பகுதி. அவ்வாறு காக்கப்பட்டவள் தலைவனுடன் சென்றுவிட்டாள். பின்சென்ற செவிலி பாலை வழியில் பெண்மானைக் கண்டு இவற்றைக் கூறுகின்றாள்.

இவ்வறிவுரையின் முரணை நோக்குக. அறிவுடையாய் என்று பாராட்டுவதும், அறிவுடைமையால் வெளியே செல்லாதே என்று தடுப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. மகள் முதற்பகுதியைக் கேட்டாள். இரண்டாம் பகுதியைக் கேளாள். தன்னை அறிவுடையவள் என்று தாயே கூறியபின், தன் வழியைத் தானே தேர்ந்தாள். நற்றிணைத் தாய் வினவும் அறிவு எங்கே பிறந்தது என்பதற்கு ஒருவாறு விடை இங்கே உள்ளது. காவலைக் கடந்த இடத்தில் அது பிறந்தது. தாய்மார் இருவரும் வெவ்வேறு பாட்டினர். ஆயினும் ஒருத்தியின் அச்சமே மற்றொருத்தியின் வியப்பாக விளைகின்றது.

7

இத்துயர்க்கு ஆறுதல் கூறிய பாட்டும் தொகை நூல்களில் உண்டு. கலித்தொகை 9-ஆம் பாட்டில், மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு முக்கோல் ஏந்திய அந்தணர் விடை கூறுகின்றனர். மலையிற் பிறந்த சந்தனம் பூசுவோர்க்கன்றி மலைக்குப் பயன்படாது. கடலிற் பிறந்த முத்து அணிவோர்க்கன்றிக் கடலுக்குப் பயன்படாது. யாழிற் பிறந்த இசை முரல்வோர்க்கன்றி யாழுக்குப் பயன்படாது. மகளும் அத்தகையள் என்பது அவர்தம் உரை. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் இப்பாட்டு எடுத்துக்காட்டின் அழகால் பெரும்புகழ் பெற்றது. அதன் அறிவு மறுத்தற்கு அரியது. எனினும், செவிலி அதனைக் கேட்டு அமைதியுற்றாள் என்று புலவர் கூறவில்லை. அந்தணர் உரையோடு பாட்டு முடிந்துவிடுகின்றது. மலை சந்தனத்திற்குப் பாலூட்டியதில்லை. கடல் முத்தை நோக்கிச் சிறுகோல் ஓங்கியதில்லை. உவமை ஒவ்வாத இடம் இதுவே. அவ்விடத்தில்தான் தாயின் துயரம் முழுதும் உள்ளது.

செவிலி கூறாத மறுமொழியை நற்றிணை 184-ஆம் பாட்டின் நற்றாய் கூறுகின்றாள். துயரைத் தாங்கிக்கொள் என்று தேற்ற வந்தோரை அறிவுடையோரே என விளித்து, அது எங்ஙனம் இயலும் என்று வினவுகின்றாள். மகள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் காணுந்தோறும் நினைக்கும் நெஞ்சம் வேகின்றது என்கின்றாள். அவள் அவர்தம் அறிவை மறுக்கவில்லை. அறிவுடையோர் என்றே ஒப்புக்கொள்கின்றாள். நொச்சியும் திண்ணையும் கண்முன் இருக்கும்வரை அவ்வறிவு தனக்கு உதவாது என்பதே அவள் கூறுவது.

8

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன: நற்றிணை 110-ஆம் பாட்டைக் கற்புச் சிறப்பை மட்டும் கூறும் பாட்டாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதன் மெய்ப்பாடு பெருமிதமும் அன்று, அழுகையும் அன்று, மருட்கை. அதற்கு இரு துறைகள் குறிக்கப்பட்டமை பிழையன்று. தாயின் ஒரே உணர்ச்சிக்கு அக மரபில் ஒரு பெயர் இல்லாமையின் விளைவு. அகத்தாயும் புறத்தாயும் தம் மக்களின் வளர்ச்சியைத் தாம் ஏந்திய பாலாலும் ஓங்கிய கோலாலுமே அளக்கின்றனர்.

மாணவி எழுப்பிய வினாவிற்கு இன்று யான் கூறும் விடை இது. மகள் பசித்திருப்பதைத் தாய் பெருமையாகச் சொல்லவில்லை. பசியைத் தாங்க அவள் கற்றுக்கொண்டதை வியக்கின்றாள். அப்பசியைத் தான் மாற்ற முடியாததையும் அவ்வியப்பினுள்ளேயே வைத்துப் பேசுகின்றாள். உண் என்று ஏவும் உரிமையும், கோல் ஓங்கும் உரிமையும் அவளிடமிருந்து நீங்கிவிட்டன. எஞ்சியிருப்பது வினவும் உரிமை ஒன்றே. அவ்வினாவிற்குப் போதனார் விடை எழுதவில்லை. நாமும் கற்பு, குடிமானம் என்று விரைந்து விடை எழுதி அதனை மூடிவிடாதிருத்தல் வேண்டும்.